மின்மடலின் முகவரியும் தமிழில் வேண்டும்

(மயிலையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இம்மயிலையின் கச்சேரி சாலையில் தலைமை அஞ்சல் நிலையம் இருக்கின்றது. மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ ஒருவர் மடல் எழுதி, உறையின் மேல் பெயர், தெரு, மயிலாப்பூர், சென்னை 600004 என்று முழுவதும் தமிழிலேயே எழுதிப் பெட்டியில் இட்டால், அம்மடல் உரியவர் கைக்கு வந்து சேர்கின்றது. தியாகராய நகராயின் 600017, அடையாறாயின் 600020. 1972-ஆம் ஆண்டு ஆகத்து 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அந்த ஆறிலக்கக் குறியெண், தமிழறியாத ஊரில் மடல் பிரிப்பவர்க்கும் வழி காட்டுகின்றது. எண் எல்லார்க்கும் பொது, எழுத்து தமிழ். இரண்டும் ஓருறையின் மேல் பகையின்றி வாழ்கின்றன. தமிழில் எழுதப்பட்டது என்பதற்காக மடல் திரும்பி வருவதில்லை.

அங்ஙனமாயின், கைப்பேசி வழியாகச் செல்லும் மின்மடலுக்கு மட்டும் முகவரி ஆங்கில எழுத்தில் இருந்தே தீரவேண்டுமா? இதுவே இவ்வுரையின் வினா. வினா சிறியது போலத் தோன்றும். ஆனால் அதன் அடியில் கிடப்பது, தன் வீட்டுத் திறவுகோல் தன் கையில் உள்ளதா, பிறன் கையில் உள்ளதா என்னும் பெருஞ்சிக்கல்.

மின்னஞ்சல் என்பது படித்த சிலரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிய காலம் மலையேறிவிட்டது. வருமான வரிக் கணக்கைப் பதிய மின்னஞ்சல் முகவரி கேட்கின்றனர். கடவுச்சீட்டு வேண்டுவோரிடம் கேட்கின்றனர். தொடர்வண்டியில் இடம் பதிவு செய்யக் கணக்குத் தொடங்குவோரிடம் கேட்கின்றனர். ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசியில் பிளே அங்காடியிலிருந்து செயலி ஒன்றை இறக்க வேண்டுமாயின், முதலில் கூகுள் கணக்கு வேண்டும். ஆகவே மின்னஞ்சல் இன்று மடல் போக்குவரவுக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசி என்னும் வீட்டின் தலைவாயிற் கதவே அதுதான்.

அக்கதவு எவ்வாறு திறக்கப்படுகின்றது? பாண்டி பசார் என மக்கள் வாயில் வழங்கும் சௌந்தரபாண்டியனார் அங்காடிப் பகுதிக்கு ஒரு முதியவர் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வாங்குகின்றார். திரையில் ஆங்கிலம் வரிவரியாக ஓடுகின்றது. அவர் விழிக்கின்றார். கடைப்பையன் "ஐயா, கொடுங்கள், இரண்டு மணித்துளியில் முடித்துத் தருகிறேன்" என்கின்றான். அவன் கெட்டவன் அல்லன். உதவி செய்ய எண்ணுபவனே. முதியவர் பெயரைத் தன் செவிக்குப் பட்டவாறு ஆங்கிலத்தில் எழுதுகின்றான். அப்பெயரில் வேறொருவர் முன்பே இருப்பதால் பின்னால் ஏதோ நான்கு எண்களைச் சேர்க்கின்றான். கடவுச்சொல்லையும் அவனே இடுகின்றான். ஒப்புதல் கேட்கும் இடங்களிலெல்லாம் படியாமலே விரலால் தட்டிவிடுகின்றான். முதியவர் நன்றி கூறி வீடு திரும்புகின்றார்.

ஓராண்டு கழித்துக் கைப்பேசி தொலைகின்றது, அல்லது உடைகின்றது. புதிய கைப்பேசி முகவரியைக் கேட்கின்றது, அவர்க்குத் தெரியாது. கடவுச்சொல்லைக் கேட்கின்றது, அதுவும் தெரியாது. பேரப்பிள்ளைகளின் படங்கள், வங்கி விடுத்த செய்திகள், உறவினர் எண்கள் அனைத்தும் பூட்டிய அறைக்குள் கிடக்கின்றன. திறவுகோல் எங்கே? கடைப்பையன் நினைவில் ஒருகால் இருந்திருக்கலாம், அவனும் மறந்திருப்பான். முதியவர் அறிவிலியோ? அல்லர். நாற்பதாண்டு கணக்கெழுதி ஓய்வு பெற்றவராக இருக்கலாம்; நூற்றுக்கணக்கான செய்யுள்களை மனத்தில் வைத்திருப்பவராக இருக்கலாம். அவர் செய்த குற்றம் ஒன்றே: தம் மொழியல்லாத மொழியில் வினாக்கள் எழுந்தபோது விடை சொல்லும் உரிமையைப் பிறன் கையில் கொடுத்துவிட்டார். படிக்கப்படாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்க்கும் அவர்க்கும் என்ன வேறுபாடு?

பெயர்ச் சிக்கல் மற்றொன்று. 'தமிழ்ச்செல்வி' என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ழகரத்துக்கு அங்கே எழுத்தில்லை. ஒருவர் லகர ஒலியால் எழுதுவார். ஒருவர் இரண்டெழுத்தைக் கூட்டி எழுதுவார். ஒருவர் சகரத்துக்கு ஒன்று, ஒருவர் இரண்டு. ஆதாரில் ஒருவகை, வங்கியில் ஒருவகை, மின்னஞ்சலில் ஒருவகை என ஒரே பெண் மூன்று பெண்களாகிவிடுகின்றாள். தமிழில் எழுதினாலோ அப்பெயர்க்கு ஒரே வடிவந்தான். ஓரெழுத்து மாறின் மடல் வேறொருவர் பெட்டிக்குப் போகும் இவ்வுலகில், மாறாத வடிவம் எத்துணைப் பெரிய காப்பு!

இனி, இன்றைக்கே செய்யக் கூடியவற்றை முதலில் பார்ப்போம். தன் கையால், தமிழ்த் திரையில், மின்னஞ்சலை அமைத்துக்கொள்வது அரை மணி நேர வேலை.

முதலாவது, திரையைத் தமிழாக்குதல். 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டுக் கருவிகளில் தமிழ் உள்ளது. பற்சக்கரப் படமிட்ட 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் சென்று, மொழிகள் என்னும் பிரிவைத் திறந்து, தமிழைச் சேர்த்து, அதனைப் பட்டியலின் முதலிடத்துக்கு இழுத்து வையுங்கள். அப்பிரிவு கருவிக்குக் கருவி இடம் மாறியிருக்கும். மேலேயுள்ள தேடற் கட்டத்தில் தேடினால் அகப்படும். மாற்றியவுடன் கைப்பேசி தமிழில் பேசத் தொடங்கும். 'செயலி' என்னும் சொல் இருக்க 'ஆப்ஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள், ஆனால் அதற்காக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். பயன்படுத்துவோர் பெருகினால்தான் திருத்தச் சொல்லும் குரலுக்கு வலிவு பிறக்கும்.

இரண்டாவது, விசைப்பலகை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறும் முறை உண்டு. அது தமிழ் வீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைவது போன்றது. தலைவாசல் வேறு இருக்கின்றது. அதன் பெயர் தமிழ்99. 1999-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் இச்சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற பலகை அது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் அறிந்தால் போதும். 247 எழுத்தும் கைவரும். 'அக்கா' என்று எழுத அ, க, க, ஆ என நான்கு தட்டு. ஒரே எழுத்து இரட்டித்தால் முன்னதற்குத் தானே புள்ளி விழுகின்றது. 'தந்தை' என்று எழுத த, ந, த, ஐ. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தால் அங்கும் தானே புள்ளி விழுகின்றது. இனவெழுத்து என்று இலக்கணத்தில் படித்தது விசைப்பலகைக்குள் வேலை செய்கின்றது என்றால், அவ்விலக்கணம் செத்த இலக்கணமா? ஆப்பிள் கைப்பேசியிலும், செல்லினம் என்னும் செயலியிலும் இப்பலகை கிடைக்கின்றது. விரல் தளர்ந்த முதியோர் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும்.

மூன்றாவது, கணக்கைத் தொடங்குதல். பெரும்பாலோர் பயன்படுத்துவது கூகுளின் சீமெயில். அதில் பெயர் என்னும் கட்டம் வேறு. முகவரி என்னும் கட்டம் வேறு. பெயர்க் கட்டத்தில் தயங்காமல் தமிழில் எழுதுங்கள். மடல் பெறுபவர் திரையில் அப்பெயரே தமிழில் மின்னும். முகவரிக் கட்டத்தில்தான் ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியும் மட்டும் ஏற்கப்படுகின்றன. ஆங்கொரு வியப்பு: சீமெயில் முகவரியின் பெயர்ப் பகுதியில் புள்ளி இட்டாலும் இடாவிட்டாலும் ஒன்றே. தமிழிலோ புள்ளி இட்டால் மெய், இடாவிட்டால் உயிர்மெய். புள்ளிக்கு மதிப்பறிந்த மொழி எது என்று நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்.

நான்காவது, காப்பு. கடவுச்சொல்லை நீங்களே இடுங்கள். பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டா. தொடர்பற்ற நான்கு சொற்களைக் கோத்து நீளமாக இடுங்கள். அதனை வீட்டில் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். கைப்பேசி உறைக்குள் சீட்டாகச் செருகி வைக்காதீர்கள். மீட்புக்கென ஒரு தொலைபேசி எண்ணும், நம்பத்தக்க மகன் மகளது மின்னஞ்சல் முகவரியும் பதிந்து வையுங்கள். ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். 'ஓ.டி.பி.' எனப்படும் ஒருமுறை எண்ணை எவர் கேட்பினும் சொல்லாதீர்கள். பழைய கைப்பேசியை விற்குமுன் கணக்கை அதிலிருந்து நீக்கி, கருவியை முற்றும் துடைத்துவிடுங்கள். இரண்டாண்டு தொடர்ந்து பயன்படுத்தாத தனியாள் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023-ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. ஆகவே அமைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

பள்ளியோ அலுவலகமோ தந்த வேறு முகவரியைக் கைப்பேசியில் சேர்ப்போர் ஒன்றை அறிதல் நன்று. மடல்களைக் கொணர இருவகை நெறிமுறை உண்டு. 'பாப்' என்பது, மடலைக் கருவிக்கு எடுத்து வந்து, நிலையத்தில் உள்ளதை நீக்கிவிடும் பழைய முறை. 'ஐமேப்' என்பது, மடலை வழங்கியிலேயே வைத்து, எந்தக் கருவியிலிருந்தும் பார்க்கச் செய்யும் முறை. இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள், கைப்பேசி தொலைந்தாலும் மடல் தொலையாது.

இத்துணை எளிமை ஒரு நாளில் வந்ததன்று; எவரும் இரங்கித் தந்ததுமன்று. 1971-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் இரே தாம்லின்சன், ஒரு வலையமைப்பில் கணிப்பொறி விட்டுக் கணிப்பொறிக்கு மடல் அனுப்பினார். ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியை இட்டவரும் அவரே. அன்றைய எழுத்துக்குறி முறை 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதில் இருந்தவை 128 இடங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் அவற்றை நிரப்பின. தமிழுக்கு ஓரிடமும் இல்லை. மடலின் உள்ளே பிறமொழி எழுத்துகளை ஏற்றிச் செல்லும் நெறிமுறை 1992-ஆம் ஆண்டில்தான் வகுக்கப்பட்டது.

1990-களில் தமிழில் மின்மடல் எழுதியோர் பட்ட பாடு சொல்லில் அடங்காது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. அனுப்புவோரிடம் உள்ள எழுத்துரு பெறுவோரிடம் இல்லையெனில், 'அன்புள்ள அம்மா' என்பது கோணல் மாணல் குறிகளாய்ச் சிதறும். அக்காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஓர் எழுத்துருவை ஆக்கிக் கட்டணமின்றி உலகுக்கு வழங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'மயிலை'! கபாலீச்சரத்தின் பெயரால் புகழ் பெற்ற இவ்வூரின் பெயரைத் தாங்கிய எழுத்துகள், கடல் கடந்த தமிழர் திரைகளில் தமிழை எழுப்பின. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளைப் படைத்தார்; அவர் ஆக்கிய செல்லினம் 2005-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியாகிக் கைப்பேசியில் தமிழ்ச் செய்தி எழுத வழி திறந்தது. அச்சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்ற உழைத்து 1999-ஆம் ஆண்டில் மறைந்தார். 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம் அடையாற்றை அடுத்த கோட்டூர்புரத்தில் இயங்குகின்றது. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒருங்குறியைத் தன் பணிகளுக்கு ஏற்றது. எழுத்துருக் குழப்பம் ஓய்ந்தது. சிதறிய குறிகள் மறைந்து, அனுப்பிய தமிழ் அனுப்பியவாறே சென்று சேர்கின்றது.

ஆகவே மடலின் உள்ளம் தமிழாயிற்று, பொருட்குறிப்பு தமிழாயிற்று, அனுப்புநர் பெயர் தமிழாயிற்று, திரையும் தமிழாயிற்று. எஞ்சியிருப்பது முகவரி ஒன்றே.

அதுவும் இயலாததன்று. உலக மொழிகள் எவற்றின் எழுத்திலும் மின்னஞ்சல் முகவரி அமையலாம் என்னும் நெறிமுறைகள் 2012-ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டுவிட்டன. அதற்கு முன்பே, 2010, 2011-ஆம் ஆண்டுகளில், 'இலங்கை', 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்னும் மூன்று பெயர்களும் தமிழ் எழுத்திலேயே இணையத்தின் உயர்நிலைக் களப்பெயர்களாக ஏற்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், பிறமொழி எழுத்தில் அமைந்த முகவரிகளுக்கு மடல் அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் சீமெயில் இசைந்தது. 2016-ஆம் ஆண்டில் செய்ப்பூர் நகரத்து நிறுவனம் ஒன்று தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் முகவரி வழங்கத் தொடங்கிற்று.

அடுத்த செய்தியைக் கூர்ந்து கேளுங்கள். 2017-ஆம் ஆண்டில் இராசத்தான் மாநில அரசு தன் மக்களுக்கு இந்தி எழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்திக்கு இயன்றது தமிழுக்கு இயலாதா? அங்கே ஓர் அரசு முன்வந்தது. 1956-ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் இயற்றிய நாடு இது. ஆட்சிமொழி என்பது கோப்பின் மேலட்டையோடு முடிந்துவிடுவதா? குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் தமிழ் முகவரி வழங்குதல் அச்சட்டத்தின் உயிர்க்கொள்கைக்கு உகந்த அடுத்த படியன்றோ?

எதிர்வாதம் ஒன்று எழும், அது புறந்தள்ளத்தக்கதன்று. "தமிழ் முகவரியை வைத்துக்கொண்டால், தில்லியில் உள்ளவரும் இலண்டனில் உள்ளவரும் எவ்வாறு தட்டெழுதுவர்? விண்ணப்பப் படிவங்கள் தமிழ் எழுத்தைக் கண்டவுடன் 'பிழையான முகவரி' என்று தள்ளுகின்றனவே?" என்பர். உண்மை. தள்ளும் படிவங்கள் உள்ளன. விடை, ஆறிலக்க எண்ணும் தமிழ் எழுத்தும் சேர்ந்திருக்கும் அஞ்சல் உறையில் இருக்கின்றது. ஒரே பெட்டிக்கு இரண்டு முகவரி இருக்கலாம். தொழில்நுட்பம் அதற்கு இடந்தருகின்றது. வெளியார்க்கு ஆங்கில எழுத்தில் ஒன்று. தமிழர்க்குத் தமிழில் ஒன்று. எதற்கு மடல் வரினும் சேருமிடம் ஒன்றே. எவர்க்கும் தடையில்லை, எவர் உரிமையும் பறிபோவதில்லை. படிவங்கள் தள்ளுவது தமிழின் குறையன்று. 128 இடங்களுக்கு மேல் உலகம் இல்லை என்று எழுதிவைத்த படிவத்தின் குறை. படிவத்தைத் திருத்தலாம், மொழியைக் குறுக்கலாகாது.

தமிழ்ப் பற்றாளர்க்கும் ஒரு சொல் உண்டு. திருமண அழைப்பிதழைத் தூயதமிழில் அடிக்கின்றனர். பிள்ளைகளுக்கு நற்றமிழ்ப் பெயர் சூட்டுகின்றனர். 'தபால்' போய் 'அஞ்சல்' வந்தது, 'விலாசம்' போய் 'முகவரி' வந்தது என்று பெருமை பேசுகின்றனர். பெருமைதான். ஆனால் மேடையில் அப்பெருமை பேசுவோர் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் திரை எம்மொழியில் இருக்கின்றது? 'வணக்கம்' என்னும் சொல்லையும் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவோர் எத்தனை பேர்? எழுத்தில்லாத மொழிக்காரரா தமிழர்? கருவி இல்லாதபோது அவ்வாறு எழுதியதற்குக் கரணியம் இருந்தது. இன்று கருவி கையில் இருக்கின்றது, கரணியம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆகவே செய்ய வேண்டுவன மூன்று. இன்றிரவு உறங்குமுன் கைப்பேசியின் திரையைத் தமிழாக்கி, தமிழ்ப் பொருட்குறிப்போடு ஒரு மின்மடலையேனும் ஒருவர்க்கு அனுப்புங்கள். அடுத்து, இளையோர் ஒவ்வொருவரும் தம் தெருவில் உள்ள முதியோர் ஒருவரிடம் சென்று கற்பியுங்கள். அவர் கைப்பேசியை வாங்கி நீங்கள் அமைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கடைப்பையன் செய்ததும் அதுவே. கருவி அவர் கையிலேயே இருக்கட்டும். விரல் அவருடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை எழுதும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கும், வரி செலுத்தும் மாநகராட்சிக்கும், மாநில அரசுக்கும் எழுதுங்கள். 'உங்கள் படிவம் தமிழ் எழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரியை ஏற்குமா? ஏற்காதாயின் எப்போது ஏற்கும்?' என்று இரண்டே வரி. ஆயிரம் பேர் எழுதினால் அலுவலர் ஒருவரேனும் கோப்பைத் திறப்பார்.

தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதித் தன் கதவைத் தானே திறக்கும் உரிமை பெரிய வேட்கையன்று. மாந்தன் ஒருவனின் மிகச் சிறிய உரிமை. அச்சிறிய உரிமையையும் கேளாதிருப்போர்க்கு அதை எவரும் தாமாகத் தரமாட்டார். கேளுங்கள்; கேட்குமுன் கையிலுள்ளதைப் பயன்படுத்துங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் முயற்சி!